கட்டத்துக்குள் எழுத்து: பிக்சல் எழுத்துரு, வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் ஆங்கில எழுத்துகளை ஒரே நாளில் வரைந்து முடித்துவிட்டேன். அதே கட்டத்தில் தமிழ் வரைய உட்கார்ந்தால் ட, ப, ம வந்தன, ண-வில் நின்றுபோய்விட்டேன். எங்கே தவறு?

பதில்: கட்டம் போதாது, அவ்வளவுதான். பிக்சல் எழுத்துரு என்பது கட்டத்தின் சதுரங்களை நிரப்பி வரையும் எழுத்துரு; ஒரு சதுரம் ஒரு பிக்சல். கட்டத்தின் அளவை முடிவு செய்ய வேண்டியது எழுத்து வரிசையிலேயே கடினமான எழுத்து. ஆங்கிலத்தில் சிறிய 'ஈ', 'ஏ', 'எஸ்' (e, a, s) மூன்றிலும் மூன்று படுக்கைக் கோடுகள், அவற்றுக்கு நடுவே இரண்டு இடைவெளிகள். ஆக ஐந்து வரிசை. சிறிய 'எம்'முக்கு மூன்று நிற்கும் கோடுகள், இரண்டு இடைவெளிகள், ஐந்து நெடுவரிசை. அதனால்தான் 5×7 புள்ளிகளில் ஆங்கிலம் பிழைத்துக்கொள்கிறது.

ண-வின் இடுப்புயரத்தில் குறுக்கே ஒரு ஸ்கேல் வைத்துப் பாருங்கள். சுழியை எப்படிப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஐந்தோ ஆறோ நிற்கும் கோடுகள் வெட்டுப்படும். ஐந்து கோடென்றால் 9 நெடுவரிசை, ஆறென்றால் 11. எட்டில் அது அடங்காது. அடக்கினால் ன ஆகிவிடும்.

உயரத்திலும் இதே கணக்குத்தான். நடுவில் ஓட்டை தெரியும் மிகச் சிறிய சுழிக்கு 3×3 பிக்சல் வேண்டும். கி, கீ இரண்டையும் பிரித்துக் காட்டுவது மேலே இருக்கும் அந்தச் சுழி ஒன்றே. ஆகவே உடலுக்கு மேலே 3 வரிசை. புள்ளிக்கும் அதே 3 போதும்: 2×2 புள்ளி, அதற்கும் உடலுக்கும் நடுவே ஒரு வரிசை காலி. உடலுக்கு 8: இரட்டைக் கொம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுழிகள், நடுவே இடைவெளி என 7 வரிசை போய்விடுகிறது, வளைவு மூச்சுவிட இன்னொன்று. மூ, ணூ, ஞூ போன்றவற்றின் வால்களுக்குக் கீழே 4. கூட்டினால் 15. அடுத்த வரியின் சுழியோடு இந்த வரியின் வால் முட்டாமலிருக்க ஒரு வரிசை காலி விட்டால் 16. இந்த 16-இல் தொடங்குங்கள். கூடவே ஆங்கிலமும் வேண்டுமென்றால் சிறிய எழுத்துக்கு 7, பெரிய எழுத்துக்கு 10 வரிசை வைத்தால் தமிழின் எட்டு வரிசை உடலோடு ஒத்துப்போகும்.

முதலில் அ வரையாதீர்கள். ண, ணூ, கே, கீ, ழு, ஐ, ஹ ஆகிய ஏழையும் வரையுங்கள். இவை உட்கார்ந்துவிட்டால் மற்றவை தானாக வரும்.

கேள்வி: தமிழில் 247 எழுத்துகள். 247-ஐயும் வரைய வேண்டுமா?

பதில்: வேண்டாம். உயிர் 12, ஆய்தம் 1, அகர மெய் 18, தனித்தனி வடிவமுள்ள உகர ஊகார வரிசை 36, ஒட்டி எழுதும் டி, டீ 2. துணைக்கால், மேல்விலங்கு, சுழித்த மேல்விலங்கு, ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, இணைக்கொம்பு, கொம்புக்கால், புள்ளி என 8. ஜ, ஷ, ஸ, ஹ, ஶ 5. க்ஷ, ஸ்ரீ 2. கிரந்த எழுத்துகளுக்குப் பக்கத்தில் வரும் உகர, ஊகாரக் குறிகள் 2. மொத்தம் 86. இதிலும் கொம்புக்கால் ள-வின் பிரதி. ஔ என்பது ஒ-வோடு ள. உழைப்பு முழுக்க அந்த 36-இல்தான் இருக்கிறது.

1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பென்றால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவற்றுக்கும் தனி வடிவம் வரைந்திருக்க வேண்டும். பிக்சல் வரைபவருக்கு அந்தச் சீர்திருத்தம் பெரிய உபகாரம்.

கொ, கோ, கௌ பற்றிக் கவலை வேண்டாம். கணினியில் எழுத்துகளைக் கோக்கும் மென்பொருளே கொம்பை முன்னால் கொண்டுபோய், காலைப் பின்னால் வைத்துவிடும். எழுத்துருவில் நீங்களும் அதைச் செய்யப் போனால் கொம்பு இரண்டு முறை வரும். நீங்கள் எழுதித் தர வேண்டியது க + உகரக்குறி = கு போன்ற இணைப்பு விதிகளை மட்டும். எழுத்துரு செய்யும் இலவச மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜில் ஃபான்ட் இன்ஃபோ, லுக்கப்ஸ், ஜிசப் (GSUB) என்று போய் லிகச்சர் (எழுத்து இணைப்பு) வகையில் ஒரு லுக்கப், அதாவது விதித் தொகுப்பு, சேருங்கள்; ஃபீச்சர் 'பிஎஸ்டிஎஸ்' (psts), எழுத்துமுறை 'டிஎம்எல்2' (tml2, தமிழுக்கான குறியீடு). பிறகு கு-வின் கிளிஃப் (எழுத்துப்படம்) இன்ஃபோவில், லிகச்சர் பகுதியில், க-வின் பெயரையும் உகரக்குறியின் பெயரையும் இடைவெளி விட்டு எழுதுங்கள். எழுத்துமுறையை 'லத்தீன்' என்றே விட்டுவிட்டால் விதி எல்லாம் சரியாக இருந்தும் திரையில் ஒன்றும் நடக்காது. பலரும் தடுக்கி விழும் இடம் இது.

க்ஷ-வை மட்டும் 'ஏகேஎச்என்' (akhn) ஃபீச்சரில் வையுங்கள். க் என்ற இணைப்பு முந்திக்கொண்டால் ஷ தனியே நின்றுவிடும்.

கேள்வி: வளைவுகள் எல்லாம் படிக்கட்டுபோலத் தெரிகின்றன. பிக்சலில் அது தவிர்க்க முடியாததா?

பதில்: படி இருக்கும், படிகள் ஒழுங்காக இருந்தால் கண் அதை வளைவாக ஏற்றுக்கொள்ளும். உங்கள் வளைவில் ஒவ்வொரு படியிலும் எத்தனை பிக்சல் என்று எண்ணி எழுதுங்கள். 4, 2, 1, 1, 2, 4 என்று குறைந்து பின் கூடினால் வளைவு வழுவழுப்பாகத் தெரியும். 3, 1, 2, 1, 3 என்று ஏறி இறங்கினால் சொரசொரப்பு. சாய்கோட்டுக்கு ஒரே எண் திரும்பத் திரும்ப வர வேண்டும்: 1, 1, 1 அல்லது 2, 2, 2.

இன்னொரு குற்றவாளி மூலைப் பிக்சல். படுக்கைக் கோடும் நிற்கும் கோடும் சேருமிடத்தில் 'ட'வின் மூலைபோல ஒரு பிக்சல் நிறைந்திருந்தால் அங்கே மை கொட்டியதுபோல் தடிக்கும். ட-வில் அது வேண்டும். க, ச, த-வின் வளைவுகளில் அதை அழித்துவிடுங்கள்.

கேள்வி: எந்த மென்பொருள்? இலவசமாக இருந்தால் நல்லது.

பதில்: கை பழக பிட்ஃபான்ட்மேக்கர்2 போதும், உலாவியிலேயே ஓடும், கட்டத்தில் சொடுக்கினால் கணினியில் நிறுவக்கூடிய ட்ரூடைப் எழுத்துருக் கோப்பு கிடைக்கும். ஃபான்ட்ஸ்ட்ரக்ட்டும் உலாவியில்தான். கணினியில் நிறுவிக்கொள்ள பிட்ஸ்'ன்'பிகாஸ் இருக்கிறது; பிக்சல் எழுத்துருவை வரையவும், பி.டி.எஃப். (BDF, ஆவணங்களுக்கான PDF அல்ல) என்ற பிக்சல் எழுத்துருக் கோப்பை ட்ரூடைப்பாக மாற்றவும் உதவும். தமிழ் இணைப்பு விதிகளுக்குக் கடைசியில் ஃபான்ட்ஃபோர்ஜுக்கு வந்தே ஆக வேண்டும்.

பி.டி.எஃப். என்பது வெறும் உரைக்கோப்பு. ஒவ்வொரு வரிசையும் பதினாறடிமான எண்ணாக இருக்கும்: 01000010 என்ற வரிசை 42 ஆகும். எழுத்தின் யூனிகோடு எண் அதில் பத்தடிமானத்தில் வரும், க-வுக்கு 2965. உரைக்கோப்பு என்பதால் நேற்றைய பிரதியோடு ஒப்பிட்டு எந்தப் பிக்சல் மாறியது என்று பார்த்துவிடலாம். மூலப் பிரதியை இந்த வடிவில் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ட்ரூடைப்புக்கு மாற்றும்போது ஓர் எண்ணில் கவனம் வேண்டும். எம் சதுரத்தை, அதாவது எழுத்தை வரையும் சதுரத்தின் உயரத்தை, 1000 அலகு என்று விட்டால் 16 வரிசைக்கு ஒரு பிக்சல் 62.5 அலகு, அரை அலகு கிடையாது என்பதால் சில பிக்சல் 62, சில 63 ஆகும். 1024 என்று மாற்றுங்கள். ஒரு பிக்சல் சரியாக 64. எழுத்தின் உடல் உட்காரும் அடிக்கோட்டுக்கு மேலே 11 வரிசை, 704. கீழே 5 வரிசை, 320.

கேள்வி: வரையும் இடத்தில் கூர்மையாக இருக்கிறது. நிறுவிப் பயன்படுத்தினால் மங்கலாகச் சாம்பல் பூத்துத் தெரிகிறது. ஏன்?

பதில்: ஐந்து காரணங்கள் இருக்கலாம், இந்த வரிசையிலேயே பாருங்கள்.

முதலில் அளவு. 16 வரிசையில் வரைந்த எழுத்துரு 16, 32, 48 பிக்சலில் மட்டுமே கூர்மையாக இருக்கும். 18 பிக்சல் கேட்டால் ஒரு கட்டம் 1.125 திரைப்புள்ளி, ஓரங்கள் சாம்பலாகாமல் வேறு வழியில்லை.

இரண்டாவது, பாயின்ட்டும் பிக்சலும் ஒன்றென்று நினைப்பது. 96 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளி) கணக்கில் 16 பிக்சல் என்பது 12 பாயின்ட். சொல்செயலியில் 16 என்று தட்டினால் 21.33 பிக்சல் கிடைக்கும்.

மூன்றாவது, இயங்குதளத்தின் திரைப் பெருக்கம். மடிக்கணினிகளில் 125 சதவீதம் சாதாரணம். உங்கள் 16 அங்கே 20 ஆகிறது. 150 என்றால் 24. இரண்டும் 16-இன் மடங்கல்ல. 100 அல்லது 200-க்கு மாற்றிச் சோதியுங்கள். உலாவியின் ஜூமும் 100-இல் இருக்கட்டும்.

நான்காவது, இடம். நடுவில் நிறுத்தச் சொன்ன வரியின் அகலம் ஒற்றைப்படையாக இருந்தால் எழுத்து அரைப் பிக்சலில் போய் உட்காரும். அளவு சரியாக இருந்தும் ஒரு வரி மட்டும் மங்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஐந்தாவது, ஓரத்தை மென்மையாக்கும் வசதி. படத் தொகுப்பியில் ஆன்டி-அலையாசிங்கை நிறுத்திவிடலாம். உலாவியில் அதை நிறுத்தும் கட்டளை எல்லா இடத்திலும் செல்லாது. தலைப்புக்கு மட்டும் வேண்டுமென்றால் படமாகவே வைத்து, பெரிதாக்கும்போது அருகமைப் பிக்சல் முறையைத் தேர்ந்தெடுங்கள். கோப்பை உருவாக்கும்போது எழுத்தின் ஓரங்களைத் திரைப்புள்ளிகளோடு பொருத்தப் பார்க்கும் தானியங்கி ஹின்டிங்கைத் தொடாதீர்கள். சதுரங்களைச் 'சரிசெய்கிறேன்' என்று இழுத்துவிடும்.

கேள்வி: பெரிதாக்கினால் பிக்சல்களுக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன.

பதில்: ஒவ்வொரு பிக்சலும் தனிச் சதுரமாக இருப்பதால் வருவது. ஃபான்ட்ஃபோர்ஜில் எல்லா எழுத்தையும் தேர்ந்து ரிமூவ் ஓவர்லாப் கொடுங்கள்; ஒட்டிய சதுரங்கள் ஒரே உருவமாகும். செய்வதற்கு முன் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்: மூலையில் மட்டும் தொட்டுக்கொள்ளும் சதுரங்களில் இந்தக் கட்டளை சில நேரம் குழம்பும். குழம்பிய இடத்தில் அவ்விரண்டையும் தனித்தனி உருவங்களாகவே விட்டுவிடலாம்.

கேள்வி: தனித்தனியாகப் பார்த்தால் எழுத்துகள் அழகு. சொல்லாகச் சேர்த்தால் ஒரே குப்பையாக இருக்கிறது.

பதில்: எழுத்துக்கு நடுவே ஒரு பிக்சல்தானே விட்டிருக்கிறீர்கள்? ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் ண, ன, ஞ-வின் உள்ளே இருக்கும் இடைவெளியும் ஒரு பிக்சல். ஓர் எழுத்து எங்கே முடிந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. வலப்பக்கம் 2 பிக்சல் விடுங்கள், இடப்பக்கம் 0. எழுத்துக்கும் அதன் துணைக்காலுக்கும் நடுவிலும், ஒற்றைக் கொம்புக்கும் அதன் எழுத்துக்கும் நடுவிலும் மட்டும் 1 போதும். அவை தம் எழுத்தோடு ஒட்டி நிற்பதே நல்லது. சொல்லிடைவெளி 5.

புள்ளியின் இடமும் பார்க்க வேண்டும். எழுத்தின் அகலம் இரட்டைப்படை என்றால் 2×2 புள்ளி நடுவில் நிற்கும், ஒற்றைப்படையில் நிற்காது. அதற்காக அகலத்தை மாற்றாதீர்கள். புள்ளி அரைப் பிக்சல் தள்ளி நின்றால் யாரும் கவனிப்பதில்லை. மெலிந்துபோன ம்-ஐக் கவனிப்பார்கள்.

சோதிக்க: தென் தேன், பெண் பேன், முழு மூழ்கு, மணம் மனம், ரா ரர. ஒரு கை தூரத்தில் வைத்து இந்த இணைகளில் எதையாவது தவறாகப் படித்தால் அந்த எழுத்தைத் திரும்ப வரையுங்கள்.

கேள்வி: தடித்த வடிவம் எளிதாகச் செய்ய வழி உண்டா?

பதில்: எழுத்தின் நகலை ஒரு பிக்சல் வலப்பக்கம் நகர்த்தி மூலத்தின் மேலேயே வைப்பது பழைய வழி, அகலத்தில் 1 கூட்ட வேண்டும். ஒரு பிக்சல் இடைவெளிகள் எல்லாம் அடைந்துபோகும் என்பதால் ட, ப, ம தப்பும், ண தப்பாது. தமிழுக்கு உள்ளிடைவெளியை 2 ஆக்கித் தனியாக வரைவதே வழி.

நிற்கும் கோடு இரண்டு பிக்சலாக இருப்பதில் ஓர் ஆதாயம் உண்டு. 1984-இல் வந்த மெக்கின்டாஷுக்காக சூசன் கேர் வரைந்த 'சிகாகோ' அப்படிப்பட்டது. பயன்படாத மெனுச் சொற்களை மங்கலாக்க ஒன்றுவிட்டு ஒரு பிக்சலை அழித்தார்கள். இரண்டு பிக்சல் கோடென்பதால் அப்போதும் படிக்க முடிந்தது.

கேள்வி: 128×64 சிறு ஓலெட் திரையில் என் தமிழ் எழுத்துருவை, சிறு திரைகளில் எழுத்தும் படமும் காட்டும் யு8ஜி2 (U8g2) நிரல் நூலகத்தோடு போட்டேன். கொம்பு எழுத்துக்குப் பின்னால் வருகிறது, கு உடைகிறது. கணினியில் சரியாக இருந்ததே?

பதில்: கணினியில் எழுத்துகளைக் கோக்க ஒரு மென்பொருள் இருக்கிறது. இந்த நூலகம் எண்ணைப் பார்க்கும், அதற்குரிய படத்தை வைக்கும், அடுத்ததற்குப் போய்விடும். இணைப்பு விதிகளை அது படிப்பதே இல்லை.

ஆகவே கோக்கும் வேலையை முன்கூட்டியே நீங்கள் முடித்துக் கொடுக்க வேண்டும். கு முதல் னூ வரையிலான 36-ஐயும் டி, டீ-யையும் க்ஷ, ஸ்ரீ-யையும் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில், 57344-இலிருந்து வரிசையாக வையுங்கள். பி.டி.எஃப். கோப்பை, அந்த நூலகத்தோடு வரும் பிடிஎஃப்கான்வ் (bdfconv) கருவியால் மாற்றுங்கள். திரையில் காட்ட வேண்டிய வாசகங்களைக் கணினியிலேயே ஒரு சிறு நிரலால் கண்ணுக்குத் தெரியும் வரிசைக்கு மாற்றிவிடுங்கள்: கொ என்பது கொம்பு, க, கால் என்று மூன்று எண்கள். மாற்றும்போது நீண்ட சேர்க்கையை முதலில் தேடுங்கள். க்ஷ-வைத் தேடுவதற்கு முன் க்-ஐத் தொட்டால் பழைய கதைதான். புள்ளிக்கு அகலம் 0 என்று வைத்து, அதன் படத்தை இடப்பக்கம் தள்ளி வரைந்தால் முந்தைய எழுத்தின் தலையில் போய் உட்காரும். ஆனால் எழுத்துகளின் அகலம் 7-லிருந்து 13 வரை மாறுவதால் ஒரே தள்ளல் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. மெய்யெழுத்துகளையும் தனிப்படமாக வைப்பது நல்லது.

இடம் ஒரு பிரச்சினையே அல்ல. 16×16 படத்துக்கு 32 பைட். 86 படங்களுக்குச் சுருக்காமலே 2752 பைட். திரையில் நான்கு வரி, வரிக்குச் சுமார் பன்னிரண்டு எழுத்து வரும்.

கேள்வி: முடித்ததை மற்றவர்களுக்கும் கொடுக்க நினைக்கிறேன். என்ன செய்ய வேண்டும்?

பதில்: எஸ்ஐஎல் (SIL) திறந்த எழுத்துரு உரிமத்தின் 1.1 பதிப்பில் வெளியிடுங்கள். அதன் முழு வாசகத்தையும் உரைக்கோப்பாக எழுத்துருவோடு சேர்த்து வையுங்கள். பதிப்புரிமை வரியில் ஆண்டும் உங்கள் பெயரும். மாற்றித் தருபவர்கள் அதே பெயரில் வெளியிடக் கூடாது என்றால் பெயரை ஒதுக்கிவைக்கும் வரியையும் சேருங்கள். ட்ரூடைப்போடு பி.டி.எஃப். மூலத்தையும், 'இது 16 பிக்சலின் மடங்குகளில் மட்டும்' என்ற ஒரு வரியையும் போடுங்கள். மங்கலாக இருக்கிறது என்று வரும் கடிதங்களில் பாதி குறைந்துவிடும்.