முதலில் லென்ஸைத் துடையுங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ரகம். கடை இருக்கிறது, சரக்கு இருக்கிறது, இன்ஸ்டாகிராமில் பக்கமும் திறந்தாயிற்று, ஆனால் படம் போட்டால் யாரும் நின்று பார்ப்பதில்லை. காரைக்குடியில் உட்கார்ந்து நானும் பல வருடமாகக் கடைகளுக்குப் படம் எடுத்துக் கொடுக்கும் பிழைப்பைத்தான் பார்க்கிறேன் என்பதால் ஆசிரியர் மொத்தக் கட்டையும் என் தலையில் வைத்துவிட்டார். மற்ற கேள்விகளை அடுத்த இதழில் பார்ப்போம்.

கேள்வி: நானும் அம்மாவும் அப்பத்தாவும் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறோம். சீப்புச்சீடை, மணகோலம், தேன்குழல் எல்லாம் கூரியரில் வெளியூர் போகும், பணியாரமும் கவுனி அரிசியும் உள்ளூர் விசேஷங்களுக்கு மட்டும். ஒருமுறை சாப்பிட்டவர்கள் திரும்பக் கேட்டு வருகிறார்கள். ஆனால் படத்தில் வெள்ளைப் பணியாரம் சாம்பல் நிறமாகவும் கவுனி அரிசி வெளிறிப்போன பழுப்பாகவும் தெரிகிறது. எல்லாமே புகைமூட்டத்துக்குள் இருப்பது போல இருக்கிறது. நல்ல கேமரா வாங்கினால் சரியாகிவிடுமா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: கேமராவெல்லாம் வேண்டாம்மா. அந்தப் புகைமூட்டம் உங்கள் விரலில் இருந்த எண்ணெய். பலகாரம் பொரித்த கையோடு போனை எடுக்கிறோம், லென்ஸில் மெல்லிசாக ஒரு படலம் ஒட்டிக்கொள்கிறது, வெளிச்சம் அதில் பட்டுச் சிதறுகிறது. பழைய பருத்தி வேட்டித் துணியில் ஒரு துண்டு கிழித்து அடுப்படி ஆணியில் மாட்டிவையுங்கள், ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு எடுங்கள். சிரிக்காதீர்கள், நானே ஒரு கல்யாண வீட்டுப் பந்தியை இரண்டு மணிநேரம் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டபோதுதான் எல்லாப் படமும் மழைநாள் கண்ணாடி மாதிரி இருந்ததைப் பார்த்தேன். பந்தியைத் திரும்பவா போடச் சொல்ல முடியும்?

நிறத்துக்குக் காரணம் வேறு. போனுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் ரொம்ப வெள்ளையும் இல்லாமல் ரொம்பக் கறுப்பும் இல்லாமல் நடுத்தரமாகக் கொண்டுவரத்தான் அது பார்க்கும். தட்டு நிறைய வெள்ளைப் பணியாரம் இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும், பணியாரம் சாம்பலாகிவிடும். கவுனி அரிசிக்கு நேர்மாறாக, இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், அந்தக் கருஞ்சிவப்பு போய்ப் பழுப்பு வந்துவிடும். திரையில் பொருளின் மேல் விரலால் தொடுங்கள், பெரும்பாலான போன்களில் பக்கத்தில் சின்னச் சூரியன் மாதிரி ஒரு குறி வரும். பணியாரத்துக்கு அதைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள், கவுனிக்குக் கீழே இழுங்கள். அவ்வளவுதான், ஒரு பைசா செலவில்லை.

அப்புறம் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். சீப்புச்சீடையில் பார்க்க வேண்டியதே அந்தச் சீப்பு வரிதான். ஃபிளாஷ் போட்டு நேர் எதிரே எடுத்தால் வரியெல்லாம் அழிந்து மொழுக்கென்று ஒரு குழாய்த் துண்டு மாதிரி இருக்கும். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நூல் மாதிரி நிழல் விழும், பார்க்கிறவருக்குக் கடிக்கும்போது வரும் சத்தமே கேட்கும். நம் ஊர்ப்பக்கத்துப் பழைய வீடுகளில் இதற்கு ஸ்டூடியோவே வேண்டியதில்லை. காலை எட்டு ஒன்பது மணிக்கு வீட்டின் உள்கட்டான வளவில், முற்றத்தை ஒட்டி, வெயில் நேரே படாத தூணோரத்தில் பலகையைப் போட்டு உட்காருங்கள். நிழல் விழும் பக்கம் ரொம்ப இருட்டாக இருந்தால் ஒரு வெள்ளைச் சார்ட் பேப்பரை நிறுத்திவைத்தால் போதும். உச்சி வெயிலில் எடுக்காதீர்கள், எடுத்தே ஆக வேண்டும் என்றால் மேலே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், பகல் வெளிச்சமும் விளக்கும் கலந்தால் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள் என்று தட்டு இரண்டு நிறமாகிவிடும்.

எவர்சில்வர் தட்டு வேண்டாம், அதில் நீங்களும் போனும் சேர்ந்து தெரிவீர்கள். வாழையிலை அழகுதான், ஆனால் வெள்ளைப் பணியாரத்தின் அடிப்பக்கம் பச்சை அடிக்கும். உங்கள் வீட்டில் ஓலைக் கொட்டான், அதுதான் ஓலைக் கூடை, கிடக்கும் பாருங்கள், அதில் சீடையைக் கொட்டி எடுத்துப் பாருங்கள். அப்பத்தா சம்மதித்தால் அவர் விரலில் மாவைச் சுற்றி ஒட்டும் அந்தக் கையை மட்டும் ஒரு படம். முகம் வேண்டாம் என்றால் வேண்டாம், கை போதும்.

கேள்வி: பி.காம். முடித்துவிட்டேன். கடைகளுக்கு ரீல்ஸ், போஸ்டர் செய்து கொடுக்கும் வேலையில் ஆர்வம். ஓர் இடத்தில் மூன்று மாதக் கோர்ஸுக்கு 35,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: தம்பி, நானும் ஒரு காலத்தில் வெளியூர் போய்ப் பணம் கட்டிப் படித்தவன்தான். எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று மூன்று மாதமும் சொல்லிக்கொடுத்தார்கள், நான் சான்றிதழ் வாங்குவதற்குள் அந்த ஆப் பட்டனையெல்லாம் இடம் மாற்றிவிட்டது. எல்லாக் கோர்ஸும் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணத்தில் போனை நிறுத்திவைக்க ஒரு நல்ல முக்காலி, காலரில் மாட்டும் மைக் இரண்டையும் வாங்கிக்கொண்டு, தெரிந்த ஒரே ஒரு கடையைப் பிடித்து முப்பது நாள் தினம் ஒன்று என்று செய்தால் அதைவிட அதிகம் கற்றுக்கொள்வீர்கள் என்பது என் கட்சி. முதல் பத்து கண்றாவியாக இருக்கும். அழிக்காதீர்கள், ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல், அதாவது டைல்ஸ், செய்யும் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடித் தகட்டை வைத்து, அதன் மேல் அச்சை வைத்து, அச்சின் ஒவ்வோர் அறையிலும் நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் பூவேலை கண்ணாடியின் மேல் நிற்கும். மேலே மணலும் சிமெண்டும் போட்டு மட்டம் தட்டி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகு கண்ணாடியைப் பிரித்தால் பளபளவென்று முகம் தெரியும். அந்தப் பளபளப்பு கண்ணாடியில் இருந்து வந்ததுதான். புதிதாக வருகிறவர்கள் என்ன செய்வார்கள்? கடைப் பெயர்ப்பலகை, வணக்கம், சொந்தக்காரர் பேட்டி என்று தொடங்குவார்கள், அதற்குள் பார்க்கிறவர் விரலைத் தள்ளிவிட்டுப் போயிருப்பார். கண்ணாடி கழன்று வரும் அந்த நொடியை முதலில் வையுங்கள். அப்புறம் இது எப்படி வந்தது என்று பின்னால் போங்கள். அச்சைத் தூக்கும்போது கேட்கும் சின்ன சத்தத்தின் மேல் பாட்டைப் போட்டு மூடாதீர்கள்.

எடுக்கும்போது ஒவ்வொரு வேலைக்கும் மூன்று தூரம்: பட்டறை முழுக்க, ஆள் இடுப்பு வரை, விரல் நுனி மட்டும். ஒவ்வொன்றையும் ஆட்டாமல் ஐந்தாறு நொடி பிடியுங்கள். போனைத் தொட்டிலாட்டாதீர்கள். ரீலுக்கு 1080-க்கு 1920 பிக்சல் நெட்டுக்குத்து, சாதாரணப் படத்துக்கு 1080-க்கு 1350. 2025 ஜனவரியில் இன்ஸ்டாகிராம் பக்கத்தின் கட்டங்களைச் சதுரத்திலிருந்து நீள்சதுரமாக மாற்றிவிட்டது, பழைய சதுர டெம்ப்ளேட்டை இன்னும் வைத்துக்கொண்டிருந்தால் தூக்கிப்போடுங்கள். எழுத்தை ரீலின் அடியிலோ வலது ஓரத்திலோ வைக்காதீர்கள், அங்கேதான் தலைப்பும் லைக் பட்டனும் வந்து உட்காரும். முடித்த வீடியோவைக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் அது பிழிந்து சக்கையாக்கிவிடும்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள். எத்தனை பேர் சேமித்துவைத்தார்கள், எத்தனை பேர் அடுத்தவருக்கு அனுப்பினார்கள், எத்தனை பேர் “சதுர அடி என்ன விலை” என்று கேட்டார்கள், இதை ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் கடைக்குச் சும்மா செய்து கொடுக்கலாம். இரண்டாவது கடைக்கும் சும்மா என்றால் ஊர் முழுக்கச் சும்மாதான்.

கேள்வி: கண்டாங்கிச் சேலை ஆன்லைனில் விற்கிறோம். படத்தில் பார்த்த நிறம் இல்லை என்று சேலைகள் திரும்பி வருகின்றன. கட்டங்கள் வேறு வீடியோவில் நெளிகின்றன.
– வாசகர், காரைக்குடி

பதில்: நெளிவதை முதலில் முடித்துவிடுவோம். நெருக்கமான கட்டமும் கேமராவின் புள்ளிகளும் ஒன்றோடொன்று மோதும்போது அப்படி அலையடிக்கும். ஓரடி முன்னே போங்கள் அல்லது பின்னே வாருங்கள், கோணத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள், அடங்கிவிடும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கட்டம் போட்ட சேலையை விரித்து எடுக்கும் பழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இரண்டும் சண்டை போடும், சேலைதான் தோற்கும். பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவர் ஒன்று போதும்.

நிறத்துக்கு: ஃபில்டர் கூடவே கூடாது. வெயில் நேரே படாத திறந்தவெளியில், சேலையின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து முதல் படம் எடுங்கள். எடிட் செய்யும்போது அந்தத் தாள் வெள்ளையாகத் தெரியும் வரை சரிசெய்து, அதே அளவை மற்ற படங்களுக்கும் போடுங்கள். அப்புறம் ஒரு பத்து நொடி வீடியோ, சேலையைக் கையில் பிடித்தபடி நிழலில் இருந்து வெயிலுக்கு நடந்து வருவது போல. வாங்குகிறவர் திரையும் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் நிறத்தை வார்த்தையிலும் எழுதுங்கள், “மெரூன் ஷேட்” என்று இல்லாமல் அரக்கு, கடுகு மஞ்சள் என்று. கைத்தறிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பலர் பெரிதாகப் போஸ்டரில் போடுகிறார்கள், போடலாம். ஆனால் விசைத்தறிச் சேலைக்குப் பக்கத்தில் அதைப் போடுகிறவர்களை என்ன சொல்வது.

கேள்வி: போஸ்டரில் தமிழ் எழுத்து உடைகிறது. ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பறக்கிறது.
– வாசகி, தேவகோட்டை

பதில்: நீங்கள் பயன்படுத்தும் ஆப்புக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை. ஆப்பை மாற்றுங்கள், அல்லது தமிழ் ஒழுங்காக வரும் இடத்தில் எழுத்தை மட்டும் படமாக்கி மேலே ஒட்டுங்கள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்ததை ஒட்டினாலும் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும், யூனிகோடில் அடியுங்கள். கூகுள் ஃபான்ட்ஸில் முக்தா மலர், கட்டமரன், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி, மீரா இனிமை எல்லாம் இலவசம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு எல்லாப் போஸ்டரிலும் அதையே போடுங்கள். வாரம் ஒரு எழுத்து, தீபாவளிக்கு ஒரு எழுத்து என்று மாற்றினால் உங்கள் கடை என்று யாருக்கும் அடையாளம் தெரியாது. வரிக்கு வரி இடைவெளியைக் கூட்டுங்கள், மேல்வரியின் ‘கூ’ கீழ்வரியின் ‘கி’ மேல் இடிக்காமல் இருக்கும். புது எழுத்துருவை நான் எப்போதும் “ஸ்ரீ கொழுக்கட்டை” என்று அடித்துத்தான் சோதிப்பேன்.

கேள்வி: சினிமாப் பாட்டு வைத்த ரீலில் சத்தமே வரவில்லை.
– வாசகர், புதுவயல்

பதில்: பாட்டு உங்களுடையது இல்லையே. பிசினஸ் கணக்குக்கு எல்லாப் பாட்டும் கிடைக்காது. இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் சவுண்ட் கலெக்‌ஷனில் இருந்து எடுங்கள், இல்லை எண்ணெய் கொதிக்கும் சத்தத்தையே வையுங்கள்.

கேள்வி: எங்கள் மசாலாப் பொடிக்குச் செட்டிநாட்டு வீட்டுப் பின்னணி வேண்டும். தெரிந்தவர் வீட்டு முகப்பில் எடுத்தோம், பிறகு சண்டை வந்துவிட்டது. ஏஐ-யில் வீட்டை உருவாக்கிக்கொள்ளலாமா?
– வாசகி, கோட்டையூர்

பதில்: சண்டை வராமல் எப்படி இருக்கும்? முகப்பு ஒருவர் வீடு இல்லை, பங்காளிகள் அத்தனை பேருக்கும் பொது. சாவி வைத்திருப்பவர் சரி என்றால் போதாது, வியாபார விளம்பரத்துக்கு என்று சொல்லி, முடிந்தால் எழுதி வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

ஏஐ-யில் நானும் முயன்றேன். தூண் சரியாக வந்தது, சன்னல் ராஜஸ்தானில் இருந்து வந்தது, விளக்கு கேரளாவில் இருந்து. வெளிநாட்டுக்காரர் கண்டுபிடிக்க மாட்டார், கானாடுகாத்தானில் பிறந்து சிங்கப்பூரில் இருப்பவர் ஒரே பார்வையில் கண்டுபிடிப்பார். உங்கள் பொடியை வாங்கப் போவதே அவர்தான். பொடியையே ஏஐ-யில் செய்து போடுவது இன்னும் மோசம், செய்யாத சரக்கின் படம் அது.

முழு வீடு எதற்கு? ஒரு டப்பாவுக்குப் பின்னால் இரண்டடி மரம் தெரிந்தால் போதும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன, ஏதாவது ஒரு பழைய பலகையோ கதவுத் துண்டோ கிடைக்கும். வாங்கி வந்து சன்னலோரம் சாய்த்துவையுங்கள். விலை பேசி முடிக்கும் வரை மட்டும் போனை வெளியே எடுத்துப் படம் பிடிக்காதீர்கள், டூரிஸ்ட் என்று நினைத்து இரண்டு மடங்கு சொல்லிவிடுவார்கள்.