டர்ட் பைக்கில் செயின் தேய்ந்துவிட்டது. செயினை மட்டும் மாற்றினால் போதுமா, செயின் ஓடும் பற்சக்கரங்களான இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் மாற்ற வேண்டுமா? வீட்டிலேயே செய்ய முடியுமா?

மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். வீட்டிலேயே செய்யலாம், நிதானமாகச் செய்தால் ஒரு பிற்பகல் போதும்.

இதையே என்னிடம் ஒருவர் சொன்னபோது நான் கேட்கவில்லை. பின் ஸ்ப்ராக்கெட் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது, முன்னால் இருப்பதோ மூடிக்குள் மறைந்து கிடந்தது. செயினை மட்டும் புதிதாக மாட்டினேன். சில வாரங்களிலேயே அது பழைய செயினைப் போலக் கடகடக்க ஆரம்பித்தது. அப்புறம்தான் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். முன் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, கட்டைவிரலை வைத்துத் தடவினால் ஒரு திசையில் வழுக்கிக்கொண்டும் எதிர்த் திசையில் தோலைக் கொக்கி போட்டுப் பிடித்துக்கொண்டும் இருந்தன.

செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோம். உண்மையில் இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின் (குறுக்கே செல்லும் சிறு கம்பி), அதைச் சுற்றி ஒரு புஷ் (குழல்), அதற்கு மேல் ஓர் உருளை. 1880-ல் ஹான்ஸ் ரெனால்ட் உருவாக்கிய இந்த அமைப்பு இன்றும் அடிப்படையில் மாறவில்லை. பின்னும் புஷ்ஷும் ஒன்றோடொன்று உரசித் தேயும்போது, கண்ணிக்கு ஒரு மயிரிழையாக இடைவெளி கூடுகிறது. 520 என்ற அளவுச் செயினில் ஒரு பின்னின் மையத்திலிருந்து அடுத்த பின்னின் மையம் வரை 15.875 மி.மீ.; தேய்ந்த செயினில் இது 16 மி.மீ.-ஐத் தொட்டுவிடும். ஆனால் பற்களுக்கு இடையே உள்ள தூரம் அப்படியேதான் இருக்கிறது. எனவே உருளை பள்ளத்தில் அமராமல் பல்லின் சரிவில் ஏறி நின்று இழுக்கிறது, பல் கொக்கியாகிறது. அந்தக் கொக்கிகளின் மேல் புதுச் செயினைப் போட்டால் ஒவ்வொரு உருளையும் மாட்டி மாட்டித்தான் விடுபடும். 13-க்கு 50 பல் உள்ள வண்டியில் முன் பல் ஒவ்வொன்றும் பின் பல்லைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேலை செய்கிறது. முதலில் சாவது அதுதான், கண்ணில் படாததும் அதுதான்.

உங்கள் வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய, பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்பக்க விளிம்பில் செயினைப் பிடித்துப் பின்னோக்கி இழுங்கள். பாதிப் பல்லுக்கு மேல் வெளியே தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் செயினை இறுக்கமாக வைத்து ஒரு பின்னின் மையத்திலிருந்து, அதையும் சேர்த்து எண்ணினால் 21-வது பின்னின் மையம் வரை அளந்து பாருங்கள். புதிய 520 செயினில் இது 317.5 மி.மீ. நான் 320-ஐத் தாண்டியதும் மாற்றிவிடுவேன். உங்கள் வண்டியின் கையேடு வேறு எல்லை சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

வாங்கும்போது எண்ணைக் கவனியுங்கள். 520-ல் முதல் எண் 5 என்றால் கண்ணி இடைவெளி ஓர் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு. 428 என்றால் எட்டில் நான்கு, அதாவது அரை அங்குலம். ஒன்றின் செயின் மற்றொன்றின் ஸ்ப்ராக்கெட்டில் உட்காராது. பந்தயம் ஓட்டாதவருக்கு ஓ-ரிங் செயினே போதும் என்பது என் கருத்து. பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே இருக்கும் கிரீஸை அந்த ரப்பர் வளையங்கள் அடைகாக்கின்றன. சேறும் மணலும் உள்ளே போவதில்லை. வளையமில்லாத செயின் எடை குறைவு, ஆனால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் அதற்குப் பணிவிடை செய்ய வேண்டும். பற்களின் எண்ணிக்கையை இந்த முறை மாற்றாதீர்கள். முன்னால் ஒரு பல்லைக் குறைப்பது பின்னால் ஏறக்குறைய நான்கு பல்லைக் கூட்டுவதற்குச் சமம். விளையாட்டாகச் செய்கிற மாற்றமல்ல அது.

வேலையில் இறங்கும் முன், எதை முதலில் கழற்றுவது என்று தெரிந்திருக்க வேண்டும். பழைய செயின் வண்டியிலேயே இருக்கும்போது முன் ஸ்ப்ராக்கெட்டின் நட்டைத் தளர்த்திவிடுங்கள். ஒருவர் பின் பிரேக்கை அழுத்திக்கொள்ள, மற்றவர் நட்டைத் திருப்ப வேண்டும். மடக்கிவிட்ட வாஷர் இருந்தால் அதன் விளிம்பை முதலில் தட்டி நிமிர்த்துங்கள். சில வண்டிகளில் நட்டே கிடையாது, வெறும் சர்க்கிளிப்தான் (பிளந்த வளையம்). அந்த வண்டிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். நானோ உற்சாகத்தில் செயினை முதலில் வெட்டி எறிந்துவிட்டு, பிறகு நட்டில் ஸ்பேனரை வைத்தேன். நட்டோடு சேர்ந்து ஸ்ப்ராக்கெட்டும் சுழன்றது. குப்பைக்குப் போன செயினை எடுத்துவந்து மறுபடி சுற்றி மாட்டித்தான் அதைக் கழற்ற முடிந்தது.

நட்டு தளர்ந்த பிறகு ஆக்சில் நட்டையும் தளர்த்திச் சக்கரத்தை முன்னே தள்ளுங்கள். கிளிப் வைத்த செயினென்றால் கிளிப்பைக் கழற்றினால் போதும். இல்லையென்றால் ஒரு கண்ணியின் இரண்டு பின்களின் தலைகளையும் கிரைண்டரால் தேய்த்துவிட்டு, பின்னைத் தள்ளும் கருவியான செயின் பிரேக்கரால் தள்ளினால் சுலபமாக வெளியே வரும். தேய்க்காமல் தள்ளப் பார்த்தால் பிரேக்கரின் ஊசிதான் உடையும். முன் ஸ்ப்ராக்கெட் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கழற்றும் முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். மூடிக்குள் அப்பியிருக்கும் சேற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஸ்ப்ராக்கெட் உட்காரும் தண்டைச் சுற்றியுள்ள ஆயில் சீல் கசிகிறதா என்று பாருங்கள். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் மேலிருக்கும் ரப்பர் பட்டையையும் பாருங்கள். அது தேய்ந்து ஓட்டையாகியிருந்தால் செயின் அலுமினியத்தையே ரம்பம்போல அறுக்கத் தொடங்கியிருக்கும்.

பின் ஸ்ப்ராக்கெட்டின் போல்ட்களில் ஆலன் தலையை (அறுகோணக் குழி உள்ள தலை) திருப்பாதீர்கள், உள்ளே உருண்டுவிடும். தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபக்கத்து நட்டைத்தான் திருப்ப வேண்டும். மாட்டும்போது போல்ட் தளராமல் பிடிக்கும் பசையை ஒரு சொட்டு விட்டு, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

செயினை இணைக்கும் கிளிப் ஒரு மீன் மாதிரி இருக்கும். மீன் எந்தப் பக்கம் நீந்துமோ அந்தப் பக்கம் செயின் ஓட வேண்டும்: மூடிய தலை முன்னே, பிளந்த வால் பின்னே. செயினின் மேல்பகுதியில் வைத்துப் பார்த்தால் தலை வண்டியின் முன்பக்கம் பார்க்கும். ஓ-ரிங் செயினென்றால் இணைப்புக் கண்ணிக்கு உரிய நான்கு வளையங்களையும் கிரீஸ் தடவிப் போட மறக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் விட அதிகம் பேர் தவறுவது தொய்வில்தான். சாலை வண்டி ஓட்டிப் பழகிய கண்ணுக்கு டர்ட் பைக்கின் செயின் அசிங்கமாகத் தொங்குவது போலத் தெரியும். கை தானாகவே இறுக்கப் போகும். சஸ்பென்ஷன் அமுங்கும்போது பின் ஆக்சில் ஒரு வளைவில் மேலேறுகிறது. முன் ஸ்ப்ராக்கெட்டின் மையம், ஸ்விங் ஆர்மின் அச்சு, ஆக்சில் ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது முன்னுக்கும் பின்னுக்கும் தூரம் உச்சம். பின் சக்கரம் ஏறக்குறைய 300 மி.மீ. ஏறி இறங்கும் வண்டியில் இந்த வித்தியாசம் சிறியதல்ல. ஸ்டாண்டில் நிற்கும்போது கச்சிதமாக இருக்கும் செயின் அந்த இடத்தில் நாணேற்றிய வில்லாக விறைத்துவிடும். அப்போது அடி வாங்குவது முன் தண்டின் பேரிங்கும் அதன் சீலும்.

நான் ஒருமுறை ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன். மூன்றும் நேராகும் இடத்தில், நான் பெருமையோடு இறுக்கி வைத்திருந்த செயின் சக்கரத்தை மேலே போகவே விடவில்லை. அந்த இடத்தில் சிறிது தொய்வு மிச்சமிருக்கும்படி வைத்துவிட்டு, ஷாக்கை மாட்டி, ஸ்டாண்டில் எவ்வளவு தொங்குகிறது என்று அளந்து எழுதி வைத்துக்கொண்டேன். கையேட்டில் சொன்ன அளவுக்கு மிக அருகில் இருந்தது. அந்தப் பக்கத்தை முதலிலேயே படித்திருக்கலாம்.

கடைசியாக, ஆக்சிலை இறுக்கும் முன் ஒரு கந்தலை மடித்துச் செயினின் கீழ்ப்பகுதிக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே கொடுத்து, சக்கரத்தை முன்னோக்கிக் கையால் உருட்டுங்கள். கந்தல் சிக்கி ஆக்சிலை, தொய்வைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர்களோடு ஒட்ட இழுத்துப் பிடிக்கும். அப்படியே நட்டை இறுக்கிவிடலாம். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், விரல்கள் எட்ட இருக்க வேண்டும். ஸ்ப்ராக்கெட்டுக்குக் கந்தலும் விரலும் ஒன்றுதான்.

முதல் ஓட்டம் முடிந்ததும் தொய்வையும் பின் ஸ்ப்ராக்கெட் போல்ட்களையும் மறுபடி பாருங்கள். இரண்டும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். கிளிப் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. நான் ஓர் உபரி இணைப்புக் கண்ணியைக் கிளிப்போடு சேர்த்து சீட்டுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.