கிழித்த தாளுக்கு ஒரு ஜோடி உண்டு

கேள்வி: ஆசையாக ஒரு நல்ல ஸ்கெட்ச் புத்தகம் வாங்கினேன். முதல் பக்கத்தில் அம்மாவின் முகத்தை வரைந்தேன். ஒரு கண் மேலே ஏறிவிட்டது. ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் நைந்துபோக, கடைசியில் கிழித்துவிட்டேன். இப்போது புத்தகத்தைத் திறக்கவே பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி

பதில்: நூலால் தைத்த புத்தகமா? அப்படியென்றால் சில தாள்கள் தள்ளிப் பாருங்கள், ஒரு தாள் ஆடிக்கொண்டிருக்கும். நீங்கள் கிழித்ததும் அதுவும் ஒரே தாளின் இரண்டு பாதிகள். ஒன்று போனால் மற்றதற்குப் பிடிமானம் இல்லை. இது எனக்குத் தெரிய வந்ததே, அதிசயமாக நன்றாக வந்த ஒரு பழைய செருப்புப் படம் புத்தகத்திலிருந்து கழன்று காணாமல் போன பிறகுதான். அதன் ஜோடியை நான்தான் கிழித்திருந்தேன்.

அதற்கப்புறம் கிழிப்பதில்லை. கோணலாக வந்தால் ஓரத்தில் தேதி போட்டு, என்ன கோணல் என்று எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறேன். ‘காது கன்னத்துக்கு வந்துவிட்டது’ என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது. யாராவது ‘காட்டேன்’ என்றால் தருவதில்லை; அது பார்த்துப் பழகுவதற்கான புத்தகம், ஆல்பம் இல்லை.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் லியோனார்டோ டா வின்சி 1480 வாக்கில் வரைந்த ஒரு சின்னத் தாள் இருக்கிறது: தாய், குழந்தை, ஒரு பூனை. பேனாவும் மையும், அதாவது ரப்பருக்கு வேலையே இல்லை. சரியில்லை என்று பட்ட கோட்டின் மேலேயே இன்னொரு கோடு, அதன் மேல் இன்னொன்று. பிறகு தாளைத் திருப்பி, மறுபக்கம் தெரிந்த கோடுகளில் வேண்டியதை மட்டும் எடுத்து வரைந்திருக்கிறார். கிழித்திருந்தால் மறுபக்கம் ஏது?

சரி, உங்களுக்கு. அம்மாவின் முகம் இப்போதைக்கு வேண்டாம். மனப்பாடமான முகத்தில் மயிரிழை தவறினாலும் கண்ணைக் குத்தும். சாதாரண பால்பாயிண்ட் பேனாவை எடுத்துக்கொண்டு, உங்கள் இடது கையை வரையுங்கள், தாளை ஒருமுறைகூடப் பார்க்காமல். கண் விரலின் ஓரத்தில் ஊரும் வேகத்தில்தான் பேனாவும் ஊர வேண்டும். ஐந்து நிமிடம் போதும். படம் கோணிக்கொண்டுதான் வரும், யார் வரைந்தாலும். எனக்கு முதல்முறை ஆறு விரல் வந்தது. ஆனால் கட்டைவிரல் மூட்டில் இருக்கும் அந்த மூன்று மடிப்பு? அப்படியே என் கை.

முதலில் அந்த ஆடும் தாளைப் பசை வைத்து ஒட்டுங்கள். கையை அதிலேயே வரையலாம்.