மானியம் இருக்கிறதே, சோலார் போட்டுவிடலாமா?

கடந்த சில மாதங்களாக வரும் கடிதங்களில் பாதி சோலார் பற்றித்தான். கிராமத்தில் வீடோ நிலமோ வைத்திருப்பவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கத்தில் சொந்த வீடு. இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் ஓடுகிறது. 3 கிலோவாட் போட்டால் மத்திய அரசு 78,000 ரூபாய் தருகிறது, இனி கரண்ட் பில்லே வராது என்று ஒரு கம்பெனிக்காரர் வீட்டுக்கே வந்து சொன்னார். போடலாமா?

பதில்: மானியம் உண்மைதான். 2024-ல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000. ஆக 78,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அவ்வளவுதான். ஆனால் உங்களிடம் நான் கேட்க நினைப்பது மானியத்தைப் பற்றி அல்ல. இப்போது எவ்வளவு பில் கட்டுகிறீர்கள்?

2025-ல் இருந்த மின் கட்டணப்படி நானே போட்டுப் பார்த்தேன். முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100-க்கு 2.35 வீதம் 235 ரூபாய். மீதி 150-க்கு 4.70 வீதம் 705. மொத்தம் 940 ரூபாய். ஆண்டுக்கு ஆறு பில், 5,640 ரூபாய். 3 கிலோவாட் அமைப்புக்கு ஒன்றே முக்கால் லட்சம், அதற்கு முன்பின் விலை சொல்வார்கள். மானியம் போக உங்கள் கையிலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம். அந்த ஒரு லட்சத்தை அஞ்சலகத்தில் ஐந்தாண்டு வைப்பில் போட்டால் வட்டியே இந்தப் பில்லைக் கட்டிவிடும், அசலும் அப்படியே இருக்கும். உங்களுக்கு வேண்டாம்.

இதே கேள்வியை 800 யூனிட் ஓடும் வீட்டுக்காரர் கேட்டிருந்தால் பதில் வேறு. 500 யூனிட்டைத் தாண்டினால் மேல் யூனிட்டுகள் 8 ரூபாய், 9 ரூபாய் என்று ஏறும், 101 முதல் 200 வரைக்கான 2.35 சலுகையும் போய்விடும். அவருக்கு ஒரு பில் 4,770 ரூபாய் வரும். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்தில் 700 யூனிட் போல. லைனுக்குக் கொடுத்ததையும் லைனிலிருந்து எடுத்ததையும் கணக்குப் பார்க்கும் நெட் மீட்டரில் இதைக் கழிக்கும்போது முதலில் போவது அந்த விலை உயர்ந்த மேல் யூனிட்டுகள். இதர கட்டணம் போக ஆண்டுக்கு 25,000 மிச்சம் என்றாலும் நான்கைந்து ஆண்டில் போட்ட பணம் வந்துவிடும். ஒரே பேனல், ஒரே மானியம். பில்தான் வேறு.

போடுவதென்று முடிவெடுத்தவர்களுக்கு மூன்று விஷயம். கரண்ட் போனால் இந்த சோலாரும் நின்றுவிடும். லைன்மேன் கம்பத்தில் வேலை செய்யும்போது உங்கள் வீட்டிலிருந்து மின்சாரம் ஏறக் கூடாது என்பதற்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பேட்டரி வேண்டுமென்றால் செலவு தனி. அடுத்தது, 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. பழைய வரியில் எழுதிய கொட்டேஷனைத் திருப்பிக் கொடுங்கள்.

மூன்றாவது, நிழல். எங்கள் ஊர் வீட்டுக்கு வந்த ஆள் நண்பகலில் மாடியை அளந்து படம் போட்டுக் கொடுத்தார். அட்வான்ஸ் கேட்டார். நல்லவேளை, சாயங்காலம் நான் மாடிக்குப் போனேன். பக்கத்து வீட்டுத் தென்னை மூன்று மணிக்கே பாதி இடத்தை மூடியிருந்தது. வரிசையில் ஒரு பேனலில் விழும் நிழல் மற்ற பேனல்களின் உற்பத்தியையும் இழுத்துவிடும். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் நீங்களே மாடி ஏறிப் பாருங்கள். அப்புறம் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். எங்களுடையது காலமான தாத்தா பெயரில் இருந்தது. மானியம் வீட்டுக்காரர் வங்கிக் கணக்குக்குத்தான் வரும் என்பதால் பெயர் மாற்றாமல் ஒரு அடி நகர முடியவில்லை.

கேள்வி: உடுமலை பக்கம் ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு. விவசாய மின் இணைப்பு இருக்கிறது. மானியத்தில் சோலார் பம்ப்செட்டும் போட்டுக்கொண்டால் லாபமா?

பதில்: உங்களுக்கு மின்சாரம் ஏற்கெனவே இலவசம். இலவசத்தை மிச்சப்படுத்த லட்சக்கணக்கில் போடுவதில் என்ன லாபம்? அந்தப் பணத்தில் சொட்டுநீர்க் குழாய்களைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: மணப்பாறை அருகே மூன்று ஏக்கர். இலவச மின் இணைப்புக்கு எழுதிப்போட்டுப் பல வருடம் ஆகிறது. டீசல் என்ஜின்தான் ஓடுகிறது. வேளாண்மைப் பொறியியல் துறையில் சோலார் பம்ப் பற்றிச் சொன்னார்கள். நம்பலாமா?

பதில்: நம்பலாம். இந்தக் கடிதங்களில் மானிய சோலாரால் உண்மையிலேயே பிழைக்கக்கூடியவர் நீங்கள்தான்.

டீசல் என்ஜின் மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு நான்கு மணி நேரம், ஆண்டுக்கு 150 நாள். 600 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றாலும் 55,000 ரூபாய் டீசலுக்கே போகிறது. ஆயில், ரிப்பேர் தனி. விவசாயிகளுக்கான மத்திய அரசின் சோலார் திட்டமான பிஎம் குசும் திட்டத்தில் பொதுப்பிரிவு விவசாயிக்கு மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 60 விழுக்காடு தருகின்றன. ஆதிதிராவிடர், பழங்குடியினரில் சிறு, குறு விவசாயி என்றால் அதற்கு மேலும் உண்டு. 5 எச்.பி. பம்ப் 3 லட்சத்தைச் சுற்றி வருகிறது என்றால் உங்கள் பங்கு ஒன்றேகால் லட்சம் போல. இரண்டேகால் வருட டீசல் காசு. வரிசையில் காத்திருக்காமல் பணம் கட்டித் தட்கலில் இணைப்பு வாங்கிய பக்கத்துக் காட்டுக்காரரைக் கேளுங்கள், 5 எச்.பி.க்கு இரண்டரை லட்சம் கட்டியிருப்பார்.

ஆனால் முதலில் கிணற்றைப் பாருங்கள். திறந்த கிணறு, அல்லது 200, 300 அடி போர் என்றால் சரி. 800 அடி, 1000 அடிக்குப் போய்விட்ட போரில் 5 எச்.பி. சோலார் தண்ணீரை மேலே கொண்டுவராது. மோட்டார் ஓடும், வாய்க்காலில் ஒன்றும் வராது. கோடையில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்து சொன்ன பிறகு எச்.பி. முடிவாகட்டும். காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரைதான் நன்றாக இறைக்கும் என்பதால் ஒரு தொட்டி இருந்தால் நல்லது. நிறுவிய கம்பெனி ஐந்தாண்டு பராமரிக்க வேண்டும், காப்பீடும் அதில் அடக்கம். அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள், காற்றில் பேனல் பிய்த்துக்கொண்டு போனால் அதுதான் பேசும். இலவச இணைப்பு வரிசையில் உங்கள் மூப்பு என்ன ஆகும் என்பதை, விண்ணப்பத்தோடு வாங்கும் சம்மதக் கடிதத்தில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

கேள்வி: எட்டயபுரம் பக்கம் 12 ஏக்கர் மானாவாரிக் கரிசல். உளுந்து, மக்காச்சோளம் போடுவோம், மழை ஏமாற்றினால் விதைக் காசும் போகும். ஒரு ஏஜென்ட் சோலார் கம்பெனிக்கு 28 வருடக் குத்தகைக்குக் கேட்கிறார். ஏக்கருக்கு வருடம் 30,000, மூன்று வருடத்துக்கு ஒருமுறை 5 விழுக்காடு உயர்வு. இது அரசுத் திட்டம் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: முதலில் ஒன்று. சொந்தமாகவோ குத்தகைக்கோ தரிசு நிலத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை போடும் பிரிவு குசும் திட்டத்தில் இருக்கிறது. ஆனால் உங்களிடம் வந்திருப்பது தனியார் வியாபாரம் போலத்தான் தெரிகிறது. அதில் தவறில்லை. பேரம் பேசும் உரிமை உங்களுக்கு முழுசாக இருக்கிறது என்று அர்த்தம்.

மானாவாரியில் ஏக்கருக்கு 30,000 நிச்சய வருமானம் என்பதை லேசாகத் தள்ள முடியாது. என் தயக்கம் அந்த மூன்று வருடக் கணக்கில். மூன்று வருடத்துக்கு 5 விழுக்காடு ஏறினால் 28-ஆம் வருடம் உங்கள் வாடகை 46,500. வருடத்துக்கு 5 விழுக்காடு ஏறினால் அதே 28-ஆம் வருடம் 1,12,000. ஒப்பந்தத்தில் ஒரு சொல்தான் வித்தியாசம். உங்கள் பேரன் வாங்கப்போகும் வாடகை அது. வருடா வருடம் என்று எழுதச் சொல்லுங்கள்.

ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் வேண்டும். உங்கள் 12 ஏக்கர் மட்டும் அவர்களுக்குப் போதாது, சுற்றியிருப்பவர்களிடமும் பேசிக்கொண்டிருப்பார்கள். தனித்தனியாகக் கையெழுத்துப் போடாமல் அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் சேர்ந்து உட்காருங்கள். ஏஜென்ட்டுக்கு இது பிடிக்காது, பரவாயில்லை.

வாடகை எந்த நாளிலிருந்து? மின்உற்பத்தி தொடங்கிய நாளிலிருந்து என்று எழுதியிருந்தால், வேலி போட்டபின் இரண்டு வருடம் விதைப்பும் இல்லை வாடகையும் இல்லை என்று நிற்பீர்கள். நிலம் கைமாறும் நாள் என்று இருக்க வேண்டும். குத்தகைப் பத்திரம் சார்பதிவாளரிடம் பதிவாக வேண்டும், செலவு கம்பெனியுடையது. உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் உரிமையைத் தரும் பொது அதிகாரப் பத்திரம் கேட்டால் கொடுக்காதீர்கள். உங்கள் நிலத்தை அடமானம் வைக்க அவர்களுக்கு உரிமை இல்லை என்று தெளிவாக எழுதுங்கள். 28 வருடம் கழித்துக் கான்கிரீட் தூணையும் உடைந்த பேனலையும் யார் அள்ளுவது? அதற்கு ஒரு வைப்புத்தொகை இப்போதே வாங்குங்கள். ஓடையை மறித்து வேலி போட்டால் கீழ்க்காட்டுக்காரர் வழக்குக்கு வருவார், அதையும் பேசிக்கொள்ளுங்கள். கூட்டுப் பட்டா என்றால் பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்த வாடகை விவசாய வருமானம் ஆகாது, வருமான வரிக் கணக்கில் வரும். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் பயிர் இல்லாத நிலத்துக்குப் பயிர்க் கடனும் கிடையாது. 12 ஏக்கரையும் கொடுக்காமல் இரண்டு ஏக்கரைக் கையில் வைத்துக்கொள்வது என் விருப்பம். முடிவு உங்களுடையது. ஊர் வக்கீலுக்குக் கொடுக்கும் சில ஆயிரத்தை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கேள்வி: குசும் திட்டத்தில் என் பெயர் தேர்வாகிவிட்டது, பதிவுக் கட்டணம் 5,600 ரூபாயை உடனே ஜிபே பண்ணுங்கள் என்று போன் வந்தது. அனுப்பட்டுமா?

பதில்: அனுப்பாதீர்கள். இந்தத் திட்டத்தின் பெயரில் போலி இணையதளங்கள் பணம் பறிப்பதாக மத்திய அமைச்சகமே பலமுறை எச்சரித்திருக்கிறது. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இந்தப் பத்தியைப் படித்து முடிக்கும் முன் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.