முதல் குளிர்காலத்துக்குப் போகிற சோடிகளுக்கு: கேள்வியும் பதிலும்

எனக்கு ஊர் மட்டக்களப்பில் கல்லடி. கலியாணம் முடிந்த கையோடு கனடாவுக்குப் போய் ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் 11 குளிர்காலம் இருந்தேன். அம்மாவைப் பார்க்க இப்போது ஊருக்கு வந்திருக்கிறேன். வெளிநாட்டுக்குப் போக ஆயத்தமாகும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, நானும் மனைவியும் ஜனவரியில் ரொறன்ரோ போகிறோம். தடித்த ஜக்கெட்டை இங்கேயே வாங்கவா? (களுவாஞ்சிகுடி)

வேண்டாம் தம்பி. இங்கே கிடைப்பது நுவரெலியாக் குளிருக்குத்தான் சரி. விமான நிலையத்தில் உங்களைக் கூப்பிட வருகிறவரிடம் இரண்டு ஜக்கெட் கொண்டுவரச் சொல்லுங்கள். மிச்சத்தை அங்கே வாங்கலாம், சப்பாத்தும் அப்படித்தான். ஒரே தடித்த உடுப்பை நம்பாமல் மூன்று அடுக்காக உடுத்துங்கள். உடம்போடு ஒட்டுகிற உள்ளுடுப்பு பருத்தியாக இருக்கவே கூடாது. பஸ்ஸுக்கு ஓடும்போது வேர்க்கும், அந்த வேர்வையைப் பருத்தி பிடித்து வைத்துக்கொண்டு உடம்பை விறைக்க வைக்கும். கம்பளி அல்லது பொலியெஸ்டர் நல்லது. அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றுப் புகாத ஜக்கெட். சப்பாத்தை ஒரு அளவு பெரிதாக எடுங்கள். இறுக்கமான சப்பாத்துக்குள் இரண்டு சோடி மேசு போட்டால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும்.

மைனஸ் 10 என்றால் எப்படி இருக்கும்? (கல்முனை)

திருவெம்பாவைக்கு விடியக் காலையில் எழும்பிக் குளிக்கும்போது நடுங்குகிறோமே, அப்போதுகூட நம் ஊரில் 23 பாகை அளவில் இருக்கும். அதிலிருந்து 33 பாகை கீழே. காற்று இல்லாவிட்டால் தாங்கலாம். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் காற்று அடித்தால் அதே மைனஸ் 10 தோலுக்கு மைனஸ் 20 போலத் தெரியும். அதனால் காலையில் வெப்பநிலையோடு காற்றுக் குளிரையும் பாருங்கள். விரல் வெளிறி உணர்வு இல்லாமல் போனால் தேய்க்காதீர்கள், ஹீட்டரிலும் பிடிக்காதீர்கள். உணர்வில்லாத விரலுக்குச் சுடுவது தெரியாது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் வையுங்கள். உணர்வு திரும்பாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூக்கால் இரத்தம் வருகிறது என்று தங்கச்சி சொல்கிறாள். பயப்பட வேண்டுமா? (அக்கரைப்பற்று)

அனேகமாக ஹீட்டர் காற்றின் வறட்சிதான். அறையில் ஈரப்பதம் தரும் கருவி ஒன்று வைக்கச் சொல்லுங்கள். குளித்து ஈரம் காயுமுன் உடம்புக்குத் தேங்காய் எண்ணெய் பூசட்டும். அங்கே அது போத்தலுக்குள் கட்டியாகிவிடும், சுடுதண்ணீரில் வைத்தால் இளகும். இரத்தம் அடிக்கடி வந்தாலோ நிற்காவிட்டாலோ டொக்டரிடம் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குள் சாம்பிராணி போடலாமா? (வாழைச்சேனை)

கரித்தணலில் போடவே வேண்டாம். இங்கே நம் வீடுகளில் காற்று ஓடித் திரியும். அங்கே யன்னல் எல்லாம் இறுக்கிப் பூட்டியிருக்கும். கரி எரியும்போது வருகிற காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நித்திரையிலேயே ஆளைக் கொல்லும். குளிருக்கென்று அடுப்புத் தணலை அறைக்குள் வைப்பதும் இதே ஆபத்துத்தான். சாமிக்கு ஒரு சின்ன விளக்குப் போதும், அதையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

மருமகள் போய் இரண்டு மாதம். மகனுக்கு இரவு வேலை. போன் எடுத்தாலே அழுகிறாள். குளிரா, சண்டையா? (ஆரையம்பதி)

அக்கா, இருட்டாக இருக்கலாம். எனக்கும் முதல் வருடம் அப்படித்தான். டிசம்பரில் ரொறன்ரோவில் பின்னேரம் 4.40 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். பகல் 9 மணித்தியாலம்தான், நமக்கு அந்த மாதத்திலும் 11 மணித்தியாலத்துக்கு மேல். என் கணவர் இரவு வேலையால் வந்து படுப்பார், நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வந்தது. என்னில் அன்பு குறைந்துவிட்டது என்று நானும், எனக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை என்று அவரும் நினைத்தோம். ஒரு நாள் அவர் படுக்கப் போகுமுன் என்னைக் கூட்டிக்கொண்டு மூலைக் கடை வரை நடந்தார். பிறகு அதுவே வழக்கமானது. காலை வெளிச்சத்தில் 20 நிமிடம், பனி கொட்டினாலும் நடப்போம். அந்த நடையில்தான் மீண்டும் கதைக்கத் தொடங்கினோம்.

மகனிடம் இதைச் சொல்லுங்கள். அவளை ஆங்கில வகுப்புக்கோ நூலகத்துக்கோ கோயிலுக்கோ போகப் பழக்கட்டும். அங்கத்தைய குளிர்கால வெயிலில் தோலுக்கு வைட்டமின் டி கிடைப்பதும் அரிது, அதைப் பற்றியும் டொக்டரிடம் கேட்கட்டும். இரண்டு கிழமைக்கு மேலும் நித்திரை, சாப்பாடு இல்லாமல் அழுதுகொண்டிருந்தால் அது ஒரு நோய், வைத்தியம் இருக்கிறது. “பழகிவிடும்” என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள்.

அங்கே தயிர் உறையுமா அக்கா? (திருக்கோவில்)

உறையும். பாலை உறைக்கு ஊற்றி, கேக் சுடுகிற ஓவனுக்குள் வைத்து, அதைச் சூடாக்காமல் உள்ளே இருக்கிற லைட்டை மட்டும் போட்டு இரவு முழுக்க வையுங்கள். நம் எருமைத் தயிரின் கட்டி வராது. ஆனாலும் வெளியே பனி கொட்டும்போது, ஆளுக்கொரு கோப்பை தயிரும் சீனியும் போட்டுக்கொண்டு இரண்டு பேருமாக இருந்து சாப்பிட அது போதும்.