எஞ்சின் மலிவு, மற்றதெல்லாம்? – டிரிஃப்ட் கார் கேள்வி-பதில்

பின்சக்கரத்தை வழுக்கவிட்டு வளைவில் பக்கவாட்டாகப் போவதற்கென்றே ஒரு காரை வீட்டு ஷெட்டில் தயார் செய்து, அதில் வேறொரு வண்டியின் எஞ்சினை ஏற்ற நினைக்கும் வாசகர்களின் கேள்விகள் இவை. ஓட்டும் வித்தையை வேறு யாராவது சொல்லிக்கொடுக்கட்டும். இங்கே பேச்செல்லாம் பணம் எங்கே போகிறது என்பதைப் பற்றித்தான்.

கேள்வி: என்னிடம் பின்சக்கரம் இழுக்கும் பழைய கார் ஒன்று இருக்கிறது, எஞ்சின் ஓய்ந்துவிட்டது. பழைய எஞ்சின் விற்கும் யார்டில் டொயோட்டாவின் 1ஜேஇசட் டர்போ எஞ்சின் நான் நினைத்ததைவிடக் குறைந்த விலைக்கு வந்திருக்கிறது. முன்பணம் கொடுத்துவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அந்த விலைக்கு எதெல்லாம் வருகிறது என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் 'எஞ்சின்' என்றால் பிளாக், ஹெட், ஒட்டிக்கொண்டிருக்கும் டர்போ, அவ்வளவுதான். இறக்குகிற அவசரத்தில் வயரிங்கைக் கத்தியால் அறுத்திருப்பார்கள். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு வேறு யாருக்கோ போயிருக்கும். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டியரிங் பம்ப், கிளட்ச், பிளைவீல் எதைக் கேட்டாலும் "இருக்கு சார், தனி ரேட்" என்பார்கள். அந்தத் தனி ரேட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள், மலிவு எங்கே போனதென்று தெரியும்.

1ஜேஇசட்டில் பெரிய பொறி கியர்பாக்ஸ்தான். அந்த எஞ்சின் வந்த கார்களில் பெரும்பாலானவை ஆட்டோமேட்டிக். மேனுவல் வண்டிகளில் வந்த ஆர்154 என்ற ஐந்து கியர் பெட்டிக்கு எங்கும் கிராக்கி, விலையும் அப்படியே. அதனால் பலர் நிசான் 350இசட் காரின் ஆறு கியர் பெட்டியை அடாப்டர் தட்டு போட்டு மாட்டுகிறார்கள். நல்ல வழிதான். ஆனால் அடாப்டர், அதற்குப் பொருந்தும் பிளைவீல், கிளட்ச், கியர் லீவர் கைக்கு எட்டும் இடத்தில் வரச் செய்யும் வேலை, எல்லாமே கணக்கில் ஏறும்.

அப்புறம், எஞ்சின் உங்கள் காருக்குள் உட்காருமா? வாங்குவதற்கு முன் மூன்று இடங்களை டேப் வைத்துப் பார்க்க வேண்டும். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் ஆழமான பகுதி முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது முதல் விஷயம். அது காரின் குறுக்குச் சட்டத்தில் இடித்தால் சம்ப்பையே மாற்ற வேண்டும். இரண்டாவது, எக்ஸாஸ்ட்டும் டர்போவும் வரும் பக்கமே ஸ்டியரிங் தண்டும் இறங்குகிறதா? ஒரே பக்கம் என்றால் இடத்துக்கு அடிதடி, போதாததற்கு வெப்பமும். மூன்றாவது பானட்டின் உயரம். உங்கள் காருக்கும் அந்த எஞ்சினுக்கும் ரெடிமேடாக மவுண்ட் கிட் யாராவது விற்கிறார்களா என்று தேடுங்கள். யாருமே விற்கவில்லை என்றால், அந்த ஜோடியை ஏற்கெனவே முயன்றவர்கள் மிகக் குறைவு என்று பொருள். ஒவ்வொரு துண்டையும் லேத் பட்டறையில் நின்று செய்து வாங்க வேண்டியிருக்கும்.

கியர்பாக்ஸிலிருந்து பின்பக்கத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை மட்டும் முன்கூட்டியே ஆர்டர் செய்துவிடாதீர்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் இறுதி இடத்தில் உட்கார்ந்து, கார் தன் எடையோடு நான்கு சக்கரத்தில் நிற்கும்போதுதான் நீளம் அளக்க வேண்டும். கியர்பாக்ஸின் வெளிவரும் தண்டும் பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் உள்நுழையும் தண்டும் ஒன்றுக்கொன்று இணையான கோணத்தில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். அது தவறினால் எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் அதிர்வு நிற்காது, குற்றம் மட்டும் ஷாஃப்ட் செய்தவர் தலையில் விழும்.

இந்தத் தொல்லையெல்லாம் குறைய வேண்டுமானால், மேனுவல் வண்டியின் 'ஹாஃப் கட்', அதாவது முன்பாதி வெட்டிய கார் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். பார்வைக்கு விலை அதிகம். ஆனால் எஞ்சின், கியர்பாக்ஸ், அறுபடாத வயரிங், ஈசியு, பெடல், ரேடியேட்டர், சென்சார் எல்லாம் ஒன்றாக வரும். மிஞ்சுகிற விளக்கு, பம்பர், ஃபெண்டர்களை விற்றுக் கொஞ்சம் திரும்ப எடுக்கலாம்.

மொத்தத்தில் எஞ்சின் விலை ஒரு பங்கு என்றால், வண்டி சொந்தக் காலில் ஷெட்டை விட்டு வெளியே வரும்போது இன்னும் இரண்டு பங்காவது போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு கையில் இல்லையென்றால், பழைய எஞ்சினையே சரிசெய்து, சீட், ஷாக், டிஃபரன்ஷியல் மூன்றையும் மட்டும் மாற்றி ஒரு சீசன் ஓட்டலாம். குறைந்த சக்தியில் ஓட்டிப் பழகினால் டயரும் மிச்சம். இந்த விளையாட்டில் டயர் செலவு யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை, அதைப் பட்ஜெட்டில் எழுத எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: விளம்பரத்தில் "60,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடியது, 30 நாள் உத்தரவாதம்" என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

பதில்: பலகையில் கட்டிக் கிடக்கும் எஞ்சினுக்கு ஓடோமீட்டர் கிடையாது. எந்த வண்டியிலிருந்து இறக்கினார்களோ அதன் சேசிஸ் எண்ணும் மீட்டரின் படமும் காட்டினால் அந்த 60,000-க்கு ஓரளவு மதிப்பு உண்டு. இல்லையென்றால் அது வெறும் எண்.

நீங்களே பார்க்க வேண்டியவை வேறு. ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். லேசான பழுப்புப் படிவம் பரவாயில்லை. பால் காப்பி நிறத்தில் கூழ் ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். கேம் மேலே தெரியும் இடத்தில் கறுப்புத் தார் மாதிரி படிந்திருந்தால் ஆயில் மாற்றாமலே ஓட்டியிருக்கிறார்கள். ஆயில் ஃபில்டர் இன்னும் மாட்டியிருந்தால், அதைக் கழற்றி வெட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். உள்ளே இருக்கும் காகித மடிப்பை விரித்து வெளிச்சத்தில் பிடித்தால் மினுமினுப்பு தெரியும், தெரிந்தால் பேரிங் தேய்ந்துகொண்டிருக்கிறது. வேண்டாம் என்று வந்துவிடுங்கள். டர்போவின் தண்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இருப்பது இயல்பு. முன்னும் பின்னும் நகர்ந்தாலோ, விசிறி உறையில் உரசிய தடம் இருந்தாலோ அந்த டர்போவுக்கு மதிப்பில்லை என்று வைத்தே பேரம் பேசுங்கள்.

ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் சோதனை இல்லாமல் பணம் தராதீர்கள். எல்லா ஸ்பார்க் பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்க வேண்டும், பேட்டரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் எவ்வளவு என்பதே முக்கியம். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஐந்து சிலிண்டர் ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் விழுந்தால் பேச்சை அங்கேயே முடியுங்கள்.

உத்தரவாதத்துக்கு வருவோம். 30 நாள் எந்த நாளிலிருந்து? டெலிவரி நாளிலிருந்து என்றால், வீட்டு ஷெட்டில் ஸ்வாப், அதாவது எஞ்சின் மாற்றம், செய்பவருக்கு அதனால் பயனே இல்லை. முதல் ஸ்டார்ட் ஆகும்போது கெடு முடிந்து பல மாதம் ஆகியிருக்கும். எதற்கு உத்தரவாதம் என்றும் பாருங்கள். பொதுவாக பிளாக்கும் ஹெட்டும் மட்டும்தான் சேரும். டர்போ, சென்சார், ஏற்றி இறக்கும் கூலி எதுவும் சேராது. "ஸ்டார்ட் செய்த நாளிலிருந்து" என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். சிலர் தருவார்கள். தராவிட்டால், இல்லாத உத்தரவாதத்துக்காக விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். எஞ்சின் எண்ணும் பில்லில் இருக்க வேண்டும். திருட்டு வண்டியின் எஞ்சின் இல்லை என்பதற்கு அதுதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

வாங்கி வந்ததும் வெளியில் இருக்கும்போதே பின்பக்க கிராங்க் சீல், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பாகத்தின் விலை சில்லறை. உள்ளே உட்கார்ந்தபின் கசிந்தால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.

கேள்வி: எஸ்ஆர்20, 1ஜேஇசட், எல்எஸ் மூன்றில் எது நல்லது?

பதில்: உங்கள் கார் நிசான் எஸ் சேசிஸ், அதாவது சில்வியா வகை, என்றால் அதன் சொந்த டர்போ எஞ்சினான எஸ்ஆர்20டிஇடி வீட்டுக்கு வந்த மாதிரி உட்காரும், மவுண்ட்டுக்கு அலைய வேண்டாம். ஆனால் கடைசி சில்வியா 2002-இல் நின்றுவிட்டது. இன்று கிடைக்கும் எஸ்ஆர் எல்லாமே வயதானது, பல கை மாறியது. 1ஜேஇசட் இரும்பு பிளாக், 2.5 லிட்டர், முரட்டு எஞ்சின். 1996-க்கு முந்தையதில் இரண்டு சிறிய டர்போ இருக்கும். அவற்றின் விசிறி பீங்கான், பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், கூட்டினால் உடைந்து சிதறும். ஒற்றை டர்போ வந்த பிந்தைய வகையே பரவாயில்லை.

ஷெவர்லே கார்வெட்டில் 1997-இல் அறிமுகமான எல்எஸ் வகைக்குத்தான் என் ஓட்டு, அது உங்கள் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும் இடமாக இருந்தால். வி8 என்றதும் பூதம் என்று நினைப்பார்கள். கேம் தண்டு பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் தலைப்பகுதி சிறியது, எதிர்பார்த்ததைவிடக் கச்சிதம். டர்போ இல்லை, இன்டர்கூலர் இல்லை, அந்தக் குழாய்கள் எதுவும் இல்லை. உடையக்கூடிய பாகம் குறைந்தால் செலவும் குறையும். லாரி, பிக்கப் வகைகளில் வந்த இரும்பு பிளாக் எல்எஸ் இன்னும் மலிவு, எடை மட்டும் கூடும்.

கேள்வி: டிஃபரன்ஷியலை வெல்டிங் செய்தால் போதுமா, எல்எஸ்டி (இரு சக்கரங்களின் வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) வாங்க வேண்டுமா?

பதில்: வெல்டிங் செய்தால் இரண்டு பின்சக்கரமும் எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். பழகுவதற்கு அது போதும், உள்ளே எண்ணெய்ப்பிசுக்கை முழுக்கக் கழுவிவிட்டு செய்யச் சொல்லுங்கள். சாலையில் ஓட்டும் வண்டிக்கு மட்டும் வேண்டாம். மெதுவாகத் திருப்பும்போதெல்லாம் டயர் தேயும், ஆக்சிலுக்கும் சுமை.

கேள்வி: பிரபல பிராண்டின் பக்கெட் சீட்டும் சீட் பெல்ட்டும் இணையத்தில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வருகிறது. பார்க்க அச்சு அசல். வாங்கலாமா?

பதில்: சக்கரத்தின் டிசைன் காப்பி என்றால்கூட விவாதிக்கலாம், இதில் பேச்சே இல்லை. சுவரில் மோதும்போது உங்களைப் பிடித்து வைத்திருக்கும் இரண்டு பொருளும் போலியாக இருக்கக் கூடாது. சீட்டில் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் 8855-1999 போன்ற தர எண்ணும், தயாரித்த தேதியும் உள்ள லேபிள் இருக்கும். அந்தத் தரத்தில் வரும் சீட்டுக்கு ஆயுள் தயாரித்த நாளிலிருந்து ஐந்து வருடம். பெல்ட்டின் ஒவ்வொரு பட்டையிலும் எந்த ஆண்டு வரை செல்லும் என்று தைத்திருக்கும். அங்கீகரித்த பொருள்களின் பட்டியலை எஃப்ஐஏ தன் தளத்தில் வெளியிடுகிறது. லேபிளில் உள்ள எண்ணை அதில் தேடுங்கள், இரண்டு நிமிட வேலை. செகண்ட் ஹேண்ட் பெல்ட்டில் கெடு தாண்டியதை "ஒருநாள்கூட உபயோகிக்கவில்லை" என்று விற்பார்கள். உபயோகிக்காவிட்டாலும் நூல் வயதாகிறது.

ஹெல்மெட்டில், அதைச் சோதித்துத் தரம் தரும் ஸ்னெல் அமைப்பின் எஸ்ஏ குறி (கார் பந்தயத்துக்கானது) பாருங்கள். மோட்டார் பைக்குக்கான எம் குறியில் தீப்பற்றும் சோதனை கிடையாது. டிரிஃப்ட் காரில் பவர் ஸ்டியரிங் ஆயில் கொதித்து வெளியே பொங்கி, சூடான எக்ஸாஸ்ட்டில் விழுந்து தீப்பிடிப்பது அபூர்வமான விஷயமல்ல. அதற்கொரு கூலரும், கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு தீயணைப்பானும் வாங்கிவிட்டு, அப்புறம் ஸ்டிக்கர் வாங்குங்கள்.

கேள்வி: எஞ்சின் கிரேன் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

பதில்: சாதாரணமாக எஞ்சின் இறக்கி ஏற்றுபவருக்கு வாடகை போதும். ஸ்வாப்பில் அப்படி இல்லை. மவுண்ட் அளவெடுக்க ஒருமுறை, வெல்டிங் முடிந்து ஒருமுறை, சம்ப் இடிக்கிறதென்று மறுபடி ஒருமுறை என ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பீர்கள். பழையதாக ஒன்று வாங்கி, வேலை முடிந்ததும் விற்றுவிடுங்கள். '2 டன்' என்று எழுதியிருந்தால் அது கையை முழுக்க உள்ளே இழுத்த நிலையில்தான். கையைக் கடைசித் துளை வரை நீட்டினால் அதே கிரேன் அரை டன்தான் தாங்கும். கியர்பாக்ஸோடு சேர்த்துத் தூக்கும்போது அந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஒருவர் பாதி முடித்த ஸ்வாப் காரை "எல்லா பாகமும் இருக்கு, வயரிங் மட்டும் பாக்கி" என்று விற்கிறார். அவர் செலவு செய்ததில் பாதி விலைதான் கேட்கிறார்.

பதில்: அவருடைய பில்களின் கூட்டுத்தொகையில் பாதி என்பது சலுகையே அல்ல, உங்களுக்குப் பயன்படும் பாகங்களை மட்டும் கூட்டி அதில் பேரம் தொடங்குங்கள். பாதியில் நிற்கும் கார்கள் பெரும்பாலும் வயரிங்கில்தான் நிற்கின்றன. ஏனென்றால் மீதி வேலையெல்லாம் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. பழைய ஈசியு என்றால் அதே வண்டியின் சாவியும், சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத இம்மொபிலைசரும் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எஞ்சின் சுற்றும், ஸ்டார்ட் ஆகாது. பெடலோடு கேபிள் இல்லாமல் மின்சாரத்தில் இயங்கும் த்ராட்டில் என்றால் அதே வண்டியின் ஆக்சிலரேட்டர் பெடலும் வேண்டும். தனி ஈசியு போடுவதாக இருந்தால் அதன் விலையோடு ஹார்னஸ் (வயர்க்கட்டு), புகையில் ஆக்சிஜனை அளக்கும் வைட்பேண்ட் சென்சார், டியூன் செய்பவரின் கட்டணம் மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் டியூன் செய்பவரைக் கண்டுபிடித்து, அவருக்குப் பழக்கமான ஈசியுவையே வாங்குவது புத்திசாலித்தனம்.

காருக்குக் கீழே படுத்து வெல்டிங்கைப் பாருங்கள். மவுண்ட் வெல்டிங் மேலே பொட்டுப் பொட்டாக ஒட்டிக்கொண்டு நின்றால், அதை வெட்டி எடுத்து மறுபடி செய்யும் கூலியையும் விலையிலிருந்து கழியுங்கள். பிஎம்டபிள்யூ ஈ46 என்றால் பின்பக்க சப்ஃபிரேமை (டிஃபரன்ஷியலும் சஸ்பென்ஷனும் மாட்டிய சட்டத்தை) பிடிக்கும் தரைத்தகடு வெடித்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும், அந்த மாடலின் தெரிந்த நோய் அது.

கடைசியாகக் காகிதம். கார் யார் பெயரில் இருக்கிறது, உள்ளே இருக்கும் எஞ்சின் எண் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறதா? டிராக்கில் மட்டும் ஓட்டி டிரெய்லரில் கொண்டுபோவதாக இருந்தால் பெரிய சிக்கலில்லை. சாலையில் ஓட்டுவதாக இருந்தால், எஞ்சின் மாற்றத்தைப் பதிவு செய்ய முடியுமா என்று உங்கள் ஊர்ப் பதிவு அலுவலகத்திலும், அப்படி மாற்றிய வண்டிக்கு பாலிசி தருவார்களா என்று காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்த இரண்டு பதிலும் வரும்வரை விற்பவருக்கு டோக்கன் பணம்கூடத் தர வேண்டாம்.