உதட்டுக்கு உதடுதான் ஈடு

கேள்வி: டாக்டர், எங்க அப்பாவுக்கு மேல் உதட்டுல கேன்சர் கட்டி. அதை எடுத்துட்டு கீழ் உதட்டுல இருந்து ஒரு துண்டைத் திருப்பி வச்சு தைப்பாங்களாம், ரெண்டு மூணு வாரம் ரெண்டு உதடும் நடுவுல ஒட்டியே இருக்குமாம். தொடையில இருந்து தோல் எடுத்து வச்சா போதாதா? ஏன் இவ்வளவு கஷ்டம்?

பதில்: போதாதும்மா. தொடைத் தோலை வெட்டி எடுத்த நிமிஷமே அதோட ரத்த ஓட்டம் நின்னுடும், அப்புறம் வைக்கிற இடத்துல கீழ இருக்கிற சதைதான் அதுக்கு உயிர் கொடுக்கணும். உதட்டுல முழு கனத்துக்கும் வெட்டி எடுத்த பிறகு கீழ ஒண்ணுமே இருக்காது, வெறும் ஓட்டைதான், தோல் எதுல ஒட்டும் சொல்லுங்க? அது மட்டும் இல்ல, உதடுங்கறது வெளியில தோல், நடுவுல தசை, உள்ள ஈரமான சவ்வு, ஓரத்துல அந்த சிவப்பு, இத்தனையும் சேர்ந்தது, இது மொத்தமா உடம்புல வேற எங்கேயும் கிடைக்காது, இன்னொரு உதட்டுலதான் இருக்கு.

அதனாலதான் ஃபிளாப். ரத்தக்குழாயை அறுக்காம சதையை அதோடவே நகர்த்துறது. அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறது அபே ஃபிளாப்பாத்தான் இருக்கணும், நியூயார்க் சர்ஜன் ராபர்ட் அபே 1898ல எழுதினது, இன்னிக்கும் அதை மிஞ்சினது கம்மி. கீழ் உதட்டு ரத்தக்குழாய் உள்பக்க சவ்வை ஒட்டினாப்புல ஓடுது, அது இருக்கிற ஒரு சின்ன ஓரத்தை மட்டும் அறுக்காம விட்டுட்டு துண்டை அப்படியே மேல திருப்பி தைச்சிடுவாங்க. புது இடத்துல சுத்தி இருக்கிற சதையில இருந்து ரத்தக்குழாய்ங்க வளர்ந்து வர்ற வரைக்கும் அந்தச் சின்னப் பாலம்தான் சோறு போடுது, அதான் ரெண்டு மூணு வாரம். அப்புறம் பாலத்தை வெட்டி விட்டுடுவாங்க. அதுவரைக்கும் நீராகாரம், அப்பா கொட்டாவி விட்டாக்கூட கவனமா விடணும். தொட்டா உணர்ச்சி தெரியறதுக்கு மாசக் கணக்காகும், பயப்படாதீங்க.

கேள்வி: ஆபரேஷனுக்கு முன்னாடி தாடையில ஒரு பேனா மாதிரி கருவி வச்சு புஸ் புஸ்னு சத்தம் கேட்டாங்களே, அது எதுக்கு?

பதில்: டாப்ளர், ரத்தம் ஓடறதைச் சத்தமா கேக்க வைக்கிற கருவி. முகத்து ரத்தக்குழாய் எந்த வழியா போகுதுன்னு தேடியிருப்பாங்க. நீங்களே தொட்டுப் பாக்கலாம், பல்லை இறுக்கிக் கடிங்க, தாடை மூலைக்கிட்ட ஒரு தசை புடைக்கும், அதுக்கு முன்னாடி ஓரத்துல தாடை எலும்போட கீழ் விளிம்புல விரலை மெதுவா வைங்க, துடிக்கும். கழுத்துல இருந்து வந்து அங்கதான் எலும்பைத் தாண்டி முகத்துக்குள்ள ஏறுது, வாய் ஓரத்தைத் தாண்டி ரெண்டு உதட்டுக்கும் கிளை கொடுத்துட்டு மூக்கு ஓரமா கண் மூலை வரைக்கும் போகும். நேரா போகாது, வளைஞ்சு வளைஞ்சுதான் போகும், வாயை எவ்வளவு திறந்தாலும் கன்னத்தை உப்பினாலும் இழுபடாம இருக்க அந்த நெளிவு உதவுது. எல்லாருக்கும் ஒரே மாதிரியும் இருக்காது, சிலருக்கு உதட்டுக்கிட்டயே முடிஞ்சுடும், சிலருக்கு ஒரு பக்கம் பெருசு ஒரு பக்கம் சின்னது, அதான் புத்தகப் படத்தை மட்டும் நம்பாம தேடிப் பாக்கறாங்க. கண் மூலைக்கிட்ட இது கண்குழிக்குள்ள இருந்து வர்ற குழாய்களோட இணையறதால, கன்னத்து உள்சவ்வையும் தசையையும் எடுத்துச் செய்யற ஃபேம் ஃபிளாப்ல மேலிருந்து கீழே பாயற ரத்தத்துலயே சதையைப் பிழைக்க வைக்க முடியும்.

முன்னாடி கழுத்துல நெறிகட்டி எடுத்த ஆபரேஷனோ ரேடியேஷனோ ஆகியிருந்தா கண்டிப்பா சொல்லிடுங்க, அந்தக் குழாயை ஏற்கனவே கட்டியிருக்கலாம், இல்ல ரேடியேஷன்ல அது கெட்டிருக்கலாம்.

கேள்வி: அப்புறம் வார்டுல நாங்க எதைக் கவனிக்கணும்?

பதில்: திருப்பித் தைச்ச துண்டோட நிறம். வெளுத்து சில்லுனு ஆச்சுன்னா ரத்தம் உள்ள வரல, நீலமா கருத்து வீங்கினா உள்ள வந்தது வெளிய போகல, ரெண்டாவதுதான் அதிகம் பாக்கறது. ரெண்டுல எது தெரிஞ்சாலும் காலைல ரவுண்ட்ஸ்ல சொல்லிக்கலாம்னு இருக்காதீங்க, ராத்திரி எத்தனை மணியா இருந்தாலும் நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டுங்க, சீக்கிரம் பாத்தா பல நேரம் ஒரு தையலை அவுத்து விட்டாலே சரியாகும். அப்பா சிகரெட் பிடிப்பார்னா இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க, நிகோட்டின் அந்தச் சின்னக் குழாய்களைச் சுருக்கிடும், நான் இதுல மட்டும் யார்கிட்டயும் சமாதானம் பேச மாட்டேன்.